கம்பெனியா, லோக்கலா? பைக்குக்கு எந்த ஆயில் ஃபில்டர், எந்த பெட்ரோல் ஃபில்டர்

சென்னை ஜி.பி. ரோட்டில் ஏதாவது ஒரு டூவீலர் ஸ்பேர் கடையில் போய் நின்று "பல்சருக்கு ஆயில் ஃபில்டர் கொடுங்க" என்று கேட்டால், "கம்பெனி ஐட்டமா சார், லோக்கலா?" என்பதுதான் முதல் கேள்வியாக வரும். பலரும் இரண்டின் விலையையும் கேட்டுவிட்டு ஏதோ ஒன்றைக் கைகாட்டி வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். ஃபில்டர் அப்படி வாங்குகிற பொருள் இல்லை என்பது என் உறுதியான எண்ணம். பிரேக் ஷூ மோசமாக இருந்தால் அன்றைக்கே தெரிந்துவிடும். செயின் மோசமென்றால் சத்தம் போட்டுக் காட்டிக்கொடுக்கும். ஆயில் ஃபில்டர் மோசமாக இருந்தால் ஒன்றுமே தெரியாது. வண்டி வழக்கம்போல ஓடும், மைலேஜும் குறையாது. இரண்டு மூன்று வருஷம் கழித்து இன்ஜினுக்குள் 'கடகட' சத்தம் கேட்கும்போது, அதற்கு எப்போதோ மாட்டிய ஃபில்டர்தான் காரணம் என்று யாருக்கும் தோன்றாது.

பெட்ரோல் ஃபில்டர் இதற்கு நேரெதிர். அது அடைத்துக்கொண்டால் வண்டி உடனே திக்கும், மிஸ்ஸிங் அடிக்கும், மேட்டில் ஏறும்போது பிக்கப் போய்விடும். அதனால் இரண்டுக்கும் 'ஃபில்டர்' என்று ஒரே பெயர் இருந்தாலும், தேர்ந்தெடுக்கும்போது பார்க்க வேண்டியவை வேறு வேறு. ஆயில் பக்கத்தில் இருந்து தொடங்கலாம்.

உங்கள் வண்டியில் என்ன இருக்கிறது?

கடைக்குப் போகும் முன்பே இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஹீரோ ஸ்பிளெண்டரில் கடையில் வாங்கி மாற்றும் காகித ஆயில் ஃபில்டரே கிடையாது. அதில் கிராங்கோடு (பிஸ்டனின் அசைவைச் சுழற்சியாக மாற்றும் தண்டு) சேர்ந்து சுழலும் ஒரு வட்டக் கிண்ணம் இருக்கிறது. சுழற்சி வேகத்தில் ஆயிலில் உள்ள கனமான துகள்கள் கிண்ணத்தின் சுவரில் போய் ஒட்டிக்கொள்ளும், சுத்தமான ஆயில் நடுவழியாகப் போகும். இதோடு அடியில் ஒரு கம்பி வலை ஜல்லடையும் உண்டு. இந்தக் கிண்ணத்தைச் சுத்தம் செய்ய வலப்பக்க கிளட்ச் கவரைக் கழற்ற வேண்டும் என்பதால் பல மெக்கானிக்குகள் அதைத் தொடுவதே இல்லை. உள்ளே சுவர் முழுக்கக் கருப்பு மெழுகு மாதிரி படிந்து கிடக்கும். ஸ்பிளெண்டர்காரர்களுக்கு ஃபில்டர் பிராண்டு பற்றிய கவலையே வேண்டாம். கையேட்டில் போட்டிருக்கும் இடைவெளியில் கவரைக் கழற்றச் சொல்லி, புது கேஸ்கெட்டோடு மூடச் சொல்லுங்கள், அது போதும். ஹோண்டா ஆக்டிவாவிலும் ஜல்லடை மட்டும்தான்.

பஜாஜ் பல்சர், யமஹா ஆர்15, ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 போன்றவற்றில் இன்ஜினின் பக்கவாட்டில் ஒரு சின்ன மூடிக்குள் காகித ஃபில்டர் உட்கார்ந்திருக்கும். ஃபில்டர் மட்டும் தனியாக வரும், கூடு இன்ஜினிலேயே இருக்கும். இன்டர்செப்டர் 650 போன்றவற்றில் தகர டப்பா மாதிரி முழுதாகத் திருகி மாட்டும் ஃபில்டர். சென்னை திருவொற்றியூரில் உருவான பழைய வார்ப்பிரும்பு இன்ஜின் புல்லட்டில் ஃபெல்ட் துணியால் செய்த ஃபில்டர் இருந்தது. அதை இன்றும் ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு இந்தக் கட்டுரையில் சொல்ல ஒன்றுதான்: ஃபெல்ட்டை பெட்ரோலில் அலசி அலசித் திரும்பப் போடாதீர்கள், புதிது மாற்றுங்கள்.

மைக்ரான் கணக்கு

காரில் இன்ஜின் ஆயில் தனி, கியர் ஆயில் தனி. பெரும்பாலான பைக்குகளில் ஒரே ஆயில்தான் இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் கிளட்ச்சுக்கும். கிளட்ச் பிளேட் தேய்ந்து வரும் நார், கியர் பற்களில் இருந்து வரும் இரும்புத் தூள், எரிந்த கரி என எல்லாமே அந்த ஆயிலில்தான் கலக்கிறது. ஆயிலின் அளவும் சாதாரண 100, 150 சிசி வண்டியில் சுமார் 1 லிட்டர்தான். அழுக்கு அதிகம், ஆயில் குறைவு. பைக்குக்கு ஃபில்டர் காரைவிட முக்கியம் என்று நான் நினைப்பது இதனால்தான்.

1 மைக்ரான் என்பது 1 மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான். பேரிங்குக்கும் தண்டுக்கும் நடுவே ஓடும் ஆயில் படலம் அதைவிடப் பல மடங்கு மெல்லியது. அந்தப் படலத்தைவிடக் கொஞ்சம் பெரிய துகள்தான் உள்ளே போய் உராய்ந்து கீறும். அதாவது கண்ணுக்குத் தெரியாத தூள்தான் ஆபத்தானது.

பெட்டியின் மேல் "20 மைக்ரான்" என்று போட்டிருந்தால் அதை அப்படியே நம்ப முடியாது. 20 மைக்ரான் துகளில் பாதியைப் பிடித்தாலும் அப்படிப் போடலாம், 99 சதவீதம் பிடித்தாலும் அப்படியே போடலாம். இதற்காகத்தான் பீட்டா விகிதம் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். குறிப்பிட்ட அளவுக்கு மேலான துகள்கள் எத்தனை வந்தன, எத்தனை தப்பிப் போயின என்ற கணக்கு அது. 20 மைக்ரானில் பீட்டா 2 என்றால் இரண்டில் ஒன்று தப்பிவிடுகிறது, பாதிதான் பிடிபடுகிறது. பீட்டா 75 என்றால் 75ல் ஒன்றுதான் தப்புகிறது, 98.7 சதவீதம் பிடிபடுகிறது. இரண்டுமே '20 மைக்ரான் ஃபில்டர்'தான். ஆயில் ஃபில்டர்களை இப்படிச் சோதிப்பதற்கு ஐஎஸ்ஓ 4548-12 என்ற தர முறை இருக்கிறது. அந்தச் சோதனை முடிவைச் சொல்லும் பிராண்டை, வெறும் மைக்ரான் எண்ணை மட்டும் பெரிதாக அச்சடிக்கும் பிராண்டைவிட நான் நம்புவேன்.

ரொம்ப நுணுக்கமான ஃபில்டர்தான் நல்லது என்றும் முடிவுகட்டிவிடக் கூடாது. துளை சிறிதாகச் சிறிதாக ஆயில் ஓட்டம் குறையும், சீக்கிரம் அடைக்கும். அடைத்தால் என்ன ஆகும்? பைபாஸ் வால்வு திறக்கும். ஃபில்டருக்கு முன்னும் பின்னும் அழுத்த வித்தியாசம் ஒரு அளவைத் தாண்டியதும், வடிகட்டாத ஆயிலையாவது இன்ஜினுக்கு அனுப்பிவிடும் வால்வு அது. ஆயிலே போகாமல் இருப்பதைவிட அழுக்கு ஆயில் போவது மேல் என்ற கணக்கு. சில வண்டிகளில் இந்த வால்வு இன்ஜினில் இருக்கும், சிலவற்றில் ஃபில்டருக்குள்ளேயே இருக்கும். எந்த அழுத்தத்தில் திறக்க வேண்டும் என்பது வண்டிக்கு வண்டி மாறும். ஃபில்டருக்குள் வால்வு இருக்கும் வண்டியில், அளவு பொருந்துகிறது என்பதற்காக வேறு மாடலின் ஃபில்டரை மாட்டினால் அங்கேதான் சிக்கல் வரும். திருகு பொருந்தும், ரப்பர் பொருந்தும், வால்வு மட்டும் வேறு இன்ஜினுக்கானதாக இருக்கும்.

எதை வாங்குவது?

கம்பெனி ஃபில்டரின் பெரிய பலம் அந்தப் பொருத்தம்தான். அதன் உயரம், ரப்பரின் தடிமன், வால்வின் அழுத்தம் எல்லாம் அந்த இன்ஜினுக்கென்றே முடிவு செய்யப்பட்டவை. வண்டிக் கம்பெனிகள் பெரும்பாலும் ஃபில்டரைத் தாங்களே செய்வதில்லை, ஃபில்டர் தயாரிப்பவர்களிடம் வாங்கித் தங்கள் பெட்டியில் போட்டு விற்கின்றன. ஆனாலும் கம்பெனி சொன்ன அளவுக்கு இம்மி பிசகாமல் வர வேண்டும் என்ற கட்டாயம் அதில் இருக்கிறது. தினமும் வேலைக்குப் போய்வரும் சாதாரண கம்யூட்டர் வண்டிகளுக்கு இதன் விலை ஒரு லிட்டர் ஆயிலின் விலையைவிடக் குறைவு. வாரண்டியில் இருக்கும் வண்டிக்கு இதைத் தவிர வேறு எதையும் யோசிக்கவே வேண்டாம்.

அடுத்தது, பெயர் தெரிந்த வெளி பிராண்டுகள். பாஷ், பியூரோலேட்டர், மாலே போன்றவர்கள் கார், லாரி கம்பெனிகளுக்கே ஃபில்டர் செய்து பழகியவர்கள். உங்கள் மாடலின் பெயர் போட்டு அவர்கள் வெளியிட்டிருந்தால் தாராளமாக வாங்கலாம். கம்பெனி பொருள் கிடைக்காத ஊரில், அல்லது உற்பத்தி நின்றுபோன பழைய வண்டிக்கு, இதுதான் என் முதல் தேர்வு. கவனிக்க வேண்டியது ஒன்றே ஒன்று: பெட்டியில் உங்கள் மாடலும் வருஷமும் இருக்கிறதா? ஒரே பெயரில் வரும் வண்டியின் இன்ஜின் இடையில் மாறியிருக்கலாம். கிளாசிக் 350 அதற்கு நல்ல உதாரணம். 2021ல் வந்த புது கிளாசிக்கின் இன்ஜின் முற்றிலும் வேறு. கடைக்காரரிடம் "கிளாசிக்" என்று மட்டும் சொன்னால் எது வேண்டுமானாலும் கைக்கு வரும்.

இறக்குமதி ஃபில்டர்கள், அதாவது கே அண்ட் என், ஹைஃப்ளோ போன்றவை, பெரிய வண்டிக்காரர்களுக்குப் பிடித்தமானவை. தரத்தில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. கே அண்ட் என் திருகு ஃபில்டரின் தலையில் ஒரு நட் இருக்கும், சாதாரண ஸ்பானர் போட்டே கழற்றிவிடலாம். அந்த நட்டில் கம்பி கட்டுவதற்கு ஓட்டையும் உண்டு, ரேஸில் ஃபில்டர் தானாகக் கழன்றுவிடாமல் இருப்பதற்கு. உங்களிடம் இறக்குமதி பைக் இருந்து, கம்பெனி ஃபில்டருக்கு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும் என்றால் இவை அருமையான மாற்று. ஆனால் 150 சிசி வண்டிக்குப் பல மடங்கு விலை கொடுத்து இதை வாங்கிவிட்டு, "விலை அதிகம், அதனால் ரெண்டு ஆயில் மாத்தறதுக்கு ஒரு தடவை மாத்தினா போதும்" என்று ஓட்டினால் அது நஷ்டக் கணக்கு. ஒவ்வொரு ஆயிலுக்கும் ஒரு கம்பெனி ஃபில்டர் என்பது அதைவிட நல்லது, மொத்தச் செலவும் குறைவு. பழைய ஃபில்டரில் தேங்கி நிற்கும் கருப்பு ஆயில் புது ஆயிலோடு கலக்கவும் கலக்காது.

கழுவிக் கழுவிப் போடும் ஸ்டீல் வலை ஃபில்டர்களை இணையத்தில் நிறைய விளம்பரப்படுத்துகிறார்கள். ஆயுள் முழுக்க ஒன்று போதும் என்பது அவர்கள் வாதம். ஆயில் ஓட்டம் நன்றாக இருக்கும் என்பது உண்மை. ஆனால் இவற்றின் வலைக்கண் பெரும்பாலும் 35 மைக்ரான் அளவில் இருக்கும். காகித நார் பல அடுக்காக மடக்கிப் பிடிக்கும் சின்னத் துகள்கள் ஒற்றை அடுக்கு வலையில் நேராகத் தப்பிவிடும். ஒவ்வொரு ஆயில் மாற்றத்திலும் அதை ஆயில் ஓடும் திசைக்கு எதிர்த்திசையில் கழுவி, உலர்த்தி, வலையில் எங்காவது கிழிந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்த்துத்தான் மாட்ட வேண்டும். ரேஸ் டிராக்கில் வாரம் ஒருமுறை ஆயில் மாற்றுபவருக்கு இது சரி. தினமும் தாம்பரத்தில் இருந்து கிண்டிக்குப் போய் வருபவருக்கு நான் சொல்ல மாட்டேன்.

கடைசியாக, பெயரில்லாத லோக்கல். கம்பெனிப் பெட்டி மாதிரியே அச்சடித்த டூப்ளிகேட்டையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். சேமிப்பு சில பத்து ரூபாய். அதற்கு நீங்கள் பணயம் வைப்பது பல ஆயிரம் ரூபாய் இன்ஜின் வேலை. இதை வாங்குவதற்கு எந்தக் காரணமும் எனக்குத் தெரியவில்லை.

கையில் எடுத்துப் பாருங்கள்

டூப்ளிகேட்டைக் கண்டுபிடிக்கப் பெட்டியில் இருந்தே தொடங்கலாம். பெட்டியில் அடைத்து விற்கும் பொருளில் தயாரிப்பாளரின் பெயரும் முகவரியும், எம்.ஆர்.பி., தயாரித்த மாதமும் வருஷமும், புகார் சொல்வதற்கான தொடர்பும் இருக்க வேண்டும் என்பது சட்டம். எழுத்து மங்கியிருந்தாலோ, எம்.ஆர்.பி. மேல் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தாலோ, ஊர் பெயரில் எழுத்துப் பிழை இருந்தாலோ, நன்றி சொல்லிவிட்டு அடுத்த கடைக்குப் போய்விடுங்கள்.

பிறகு ஃபில்டரை வெளியே எடுங்கள். மடிப்புகள் ஒரே இடைவெளியில் இருக்க வேண்டும். ஒரு பக்கம் நெருக்கமாகவும் இன்னொரு பக்கம் விரிந்தும் இருந்தால், விரிந்த பக்கம் வழியாகத்தான் ஆயில் பெரும்பகுதி பாயும். காகிதத்தின் இரண்டு முனையும் சேரும் இடத்தில் பசை மேலிருந்து கீழ் வரை விடாமல் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். மேலும் கீழும் உள்ள தட்டைப் பிடித்து லேசாகத் திருகிப் பாருங்கள். தட்டு காகிதத்தை விட்டு அசைந்தால் அந்த ஃபில்டர் வேண்டாம். நடுவில் உள்ள ரப்பர் வளையம் விரலால் அழுத்தினால் உள்வாங்கி, விட்டதும் பழையபடி திரும்ப வேண்டும். பிளாஸ்டிக் மாதிரி விறைப்பாக இருந்தால் சூட்டில் சீக்கிரமே வெடிப்பு விடும்.

எல்லாவற்றையும்விட முக்கியம் உயரம். பழைய ஃபில்டரைக் கையோடு எடுத்துப்போய், இரண்டையும் கண்ணாடி மேசை மேல் நிறுத்தி, மேலே ஒரு ஸ்கேலை வைத்துப் பாருங்கள். 1 மில்லிமீட்டர் குட்டையாக இருந்தால்கூட மூடியும் ஸ்பிரிங்கும் அதைச் சரியாக அழுத்தாது. ஆயில் காகிதத்துக்குள் போகாமல் ஓரமாகச் சுற்றிக்கொண்டு நேராக இன்ஜினுக்குப் போய்விடும். எவ்வளவு உயர்ந்த காகிதமாக இருந்தாலும் பயனில்லை. ஃபில்டர் மாட்டாமல் ஓட்டுவதும் அதுவும் ஒன்றுதான்.

மாட்டும் திசையும் அப்படித்தான். பல காகித ஃபில்டர்களில் ஒரு பக்கம் ஓட்டை, மறுபக்கம் மூடி இருக்கும். சுசுகியின் டிஆர்650 போன்ற வண்டிகளில் இதைத் திருப்பி மாட்டினால் இன்ஜினுக்கு ஆயிலே போகாது. மெக்கானிக் கழற்றும்போது பழையது எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்று கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். மூடியில் உள்ள ஓ-ரிங்கையும் சேர்த்து மாற்றச் சொல்லுங்கள். பழைய ஓ-ரிங் நசுங்கித் தட்டையாகியிருக்கும். திருகு ஃபில்டர் என்றால் அதன் ரப்பரில் கொஞ்சம் புது ஆயில் தடவி, கையேட்டில் சொன்ன அளவுக்கே இறுக்க வேண்டும். பைப் ரெஞ்ச் போட்டு முறுக்கினால் அடுத்த முறை கழற்றும்போது தகரம் கிழியும்.

கழற்றிய பழைய ஃபில்டரைத் தூக்கி எறியும் முன் ஒரு வேலை செய்யுங்கள். ஆயிலை வடியவிட்டு, பிளேடால் காகிதத்தைச் சுற்றிலும் அறுத்து, மடிப்புகளைப் பழைய செய்தித்தாளில் விரித்து வெயிலில் வையுங்கள். கருப்பாக, வழுவழுப்பாக இருந்தால் சாதாரணக் கரி. பழுப்பு நிற நார் தெரிந்தால் கிளட்ச் பிளேட் தேய்கிறது. சாம்பல் நிறத்தில் பளபளவென்று மாவு மாதிரி இருந்தால் அலுமினியம், பொன்னிறத் துகள் என்றால் ஏதோ ஒரு புஷ் (தண்டு சுழலும் உலோக வளையம்) தேய்கிறது. காந்தத்தைக் கிட்டே கொண்டுபோனால் ஒட்டுவது இரும்பு. புது வண்டியின் முதல் சர்வீஸில் இதெல்லாம் கொஞ்சம் இருப்பது இயல்பு, அதனால்தான் அந்த முதல் மாற்றத்தைத் தள்ளிப்போடக் கூடாது. 20,000 கிலோமீட்டர் ஓடிய வண்டியில் இரும்புச் செதில் வந்தால் மெக்கானிக்கிடம் காட்டியே ஆக வேண்டும். ஃபில்டர் வாங்குவதைவிட இந்தக் கால் மணி நேர வேலைதான் இன்ஜினைப் பற்றி அதிகம் சொல்லும்.

பெட்ரோல் ஃபில்டர்: கார்புரேட்டர் வண்டி

ஆயிலில் 20 மைக்ரானுக்கு அவ்வளவு பாடு பட்டோம். கார்புரேட்டர் வண்டியின் பெட்ரோலில் அது தேவையே இல்லை. கார்புரேட்டருக்குள் பெட்ரோலை அளந்து விடும் சின்ன உறுப்பு ஜெட். 38 என்று எண் போட்ட கெய்ஹின் கம்பெனி பைலட் ஜெட்டின் ஓட்டை 0.38 மில்லிமீட்டர், அதாவது 380 மைக்ரான். டேங்கில் இருந்து வரும் துரு, மணல், பெயிண்ட் செதில் இவற்றைத் தடுக்க 100 மைக்ரான் அளவு நைலான் வலையே போதும்.

இங்கே பார்க்க வேண்டியது ஓட்டம். கார்புரேட்டர் வண்டியில் பெட்ரோலைத் தள்ள பம்ப் இல்லை, அது தானாகக் கீழே இறங்கி வருகிறது. டேங்குக்கும் கார்புரேட்டருக்கும் 30 செ.மீ. உயர வித்தியாசம் என்றால் அழுத்தம் சுமார் 0.02 பார் (அழுத்தத்தை அளக்கும் அலகு) மட்டும்தான். அந்த மெல்லிய இறக்கத்தில் நெருக்கமான காகித ஃபில்டரையோ வெண்கலத் துகள்களை அழுத்திச் செய்த ஃபில்டரையோ நடுவில் வைத்தால், நகரத்துக்குள் தெரியாது. ஜி.எஸ்.டி. ரோட்டில் முழு ஆக்சிலேட்டரில் பத்து நிமிடம் போனால் வண்டி மூச்சு முட்டும். காகிதத்துக்கு இன்னொரு பலவீனம், தண்ணீர் பட்டால் உப்பி அடைத்துக்கொள்ளும். கார்புரேட்டர் வண்டிக்கு நான் நைலான் வலை உள்ள, உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் ஃபில்டரையே சொல்வேன். அதுவும் பழைய டேங்க் வண்டிகளுக்குத்தான். டேங்க் சுத்தமாக இருந்தால், பெட்ரோல் காக்கின் மேல் டேங்குக்குள் நிற்கும் கம்பெனி வலையே போதும், கூடுதலாக எதையும் சேர்க்க வேண்டாம்.

கூடுதல் ஃபில்டர் போடுவதென்றால் உங்கள் ஹோஸின் உள்விட்டத்துக்குப் பொருந்துவதாக வாங்குங்கள். அம்புக்குறி கார்புரேட்டரைப் பார்க்க வேண்டும். ஹோஸ் எங்கேயும் மேலே வளைந்து இறங்கக் கூடாது, அங்கே காற்று நிற்கும். சிலிண்டர் தலையைத் தொடும் அளவுக்கு நெருக்கமாக வைக்கக் கூடாது, இரண்டு பக்கமும் கிளிப் கட்டாயம். ஃபில்டர் பாதிதான் நிரம்பியிருக்கிறது என்று பலர் பயப்படுகிறார்கள். வண்டி நன்றாக ஓடினால் பாதி நிரம்பியிருப்பதில் தப்பே இல்லை.

இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அந்த ஃபில்டரில் சிவப்புத் துரு சேர்கிறது என்றால், ஃபில்டரை மாற்றிக்கொண்டே இருப்பதில் பலன் இல்லை. டேங்கைத்தான் பார்க்க வேண்டும். மழைக்காலத்தில் தண்ணீர் எப்படி உள்ளே போகிறது என்று தேடினால், பெட்ரோல் மூடியைச் சுற்றி இருக்கும் சின்ன வடிகால் ஓட்டை மண்ணடைத்துக் கிடக்கும். மூடியைச் சுற்றித் தேங்கும் மழைநீர் வெளியே போக வழியில்லாமல் டேங்குக்குள் இறங்கும். ஐப்பசி மழை தொடங்கும் முன் அந்த ஓட்டையில் ஒரு மெல்லிய கம்பியை விட்டு எடுப்பது எந்த ஃபில்டரையும்விட லாபம்.

எத்தனால் வந்தபிறகு இது இன்னும் முக்கியமாகிவிட்டது. 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் 2023ல் அறிமுகமாகி, இப்போது பெரும்பாலான பெட்ரோல் பங்குகளில் அதுதான் கிடைக்கிறது. எத்தனால் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். ஒரு அளவைத் தாண்டினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து தனியாகப் பிரிந்து டேங்கின் அடியில் நிற்கும். வண்டி பெட்ரோல் எடுப்பதும் அடியில் இருந்துதான். அதோடு பழைய டேங்கில் வருஷக்கணக்காகப் படிந்திருக்கும் பிசினையும் அது கரைத்துக் கொண்டுவந்து ஃபில்டரில் சேர்க்கும். பழைய வண்டியின் சாதாரண ரப்பர் ஹோஸ் உப்பிப் பிளவு விடுவதும் இதனால் நடக்கலாம். ஃபில்டர் மாற்றும்போதே எத்தனாலைத் தாங்கும் ஹோஸையும் கேட்டு வாங்கிவிடுங்கள்.

எஃப்ஐ வண்டி

2020 ஏப்ரலில் பிஎஸ்6 என்ற புகை விதி வந்தபின் நம் ஊர்ச் சாலையில் இறங்கிய வண்டிகள் ஏறக்குறைய எல்லாமே எஃப்ஐ, அதாவது கார்புரேட்டருக்குப் பதில் இன்ஜெக்டர் வழியாகப் பெட்ரோலைப் பீய்ச்சும் வண்டிகள். இங்கே டேங்குக்குள் ஒரு மின் பம்ப். அது பெட்ரோலை இழுக்கும் வாயில் ஒரு வலைப் பை இருக்கும். அதைத் தாண்டி, அழுத்தத்தோடு வெளியே போகும் வழியில் நுண்ணிய ஃபில்டர் ஒன்று. அழுத்தம் பொதுவாக 3 பார் அளவில் இருக்கும், கார்புரேட்டர் வண்டியைவிட நூறு மடங்குக்கு மேல். இன்ஜெக்டரின் ஓட்டைகளும் ஜெட்டைவிட மிகச் சின்னவை, அதனால் இங்கே நுணுக்கமான வடிகட்டல் கட்டாயம்.

சில இடங்களில் "சேஃப்டிக்கு" என்று சொல்லி, பம்ப்புக்கும் இன்ஜெக்டருக்கும் நடுவில் கார்புரேட்டர் வண்டியின் பிளாஸ்டிக் ஃபில்டரைச் சொருகிவிடுகிறார்கள். இதை எந்தக் காரணத்துக்காகவும் அனுமதிக்காதீர்கள். 0.02 பாருக்குச் செய்த பிளாஸ்டிக் 3 பாரில் பிளந்தால், சூடான இன்ஜின் மேல் பெட்ரோல் பீய்ச்சி அடிக்கும். ஹோஸும் அப்படியே. எஃப்ஐ அழுத்தத்துக்கான ஹோஸில் எஸ்ஏஇ ஜே30 ஆர்9 என்று அச்சிட்டிருக்கும். ஆர்7 என்று இருப்பது குறைந்த அழுத்தத்துக்கானது.

அப்படியானால் எஃப்ஐ வண்டியில் தேர்வு என்ன இருக்கிறது? பம்ப்பை முழு செட்டாகக் கம்பெனியில் மாற்றலாம், பாதுகாப்பானது, ஆனால் விலை ஆயிரங்களில் போகும். பம்ப் நன்றாக இருந்து வலைப் பை மட்டும் அழுக்கென்றால், பையை மட்டும் மாற்றலாம். உங்கள் மாடலுக்கு நுண் ஃபில்டரைத் தனி பார்ட் எண்ணோடு கம்பெனியே விற்றால் நல்லது, அதை வாங்குங்கள். அதற்குப் பதில் வெளி பிராண்டு பம்ப் செட் வாங்குவதை நான் கடைசி வழியாகத்தான் வைப்பேன். அழுத்தம் கொஞ்சம் மாறினாலும் வண்டியின் கம்ப்யூட்டர் போடும் பெட்ரோல் கணக்கு தவறிவிடும். பம்ப்பைக் கழற்றினால் டேங்கோடு அது சேரும் இடத்தில் உள்ள ரப்பர் வளையத்தையும் புதிதாகப் போட வேண்டும். எப்போதும் ரிசர்வில் ஓட்டும் பழக்கம் இருந்தால் அதை விடுங்கள். பம்ப் தன் சூட்டைத் தணித்துக்கொள்வது சுற்றி இருக்கும் பெட்ரோலால்தான், அடியில் தங்கிய கசடை வலைப் பை இழுப்பதும் பெட்ரோல் குறைவாக இருக்கும்போதுதான்.

வெள்ளத்தில் நின்ற வண்டி

மேலே சொன்னதெல்லாம் கொஞ்சம் மாறும் இடம் ஒன்று இருக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் சீட் வரை தண்ணீரில் நின்ற வண்டிகள் ஏராளம். அப்படிப்பட்ட வண்டியின் இன்ஜினில் தண்ணீர் புகுந்திருந்தால் ஆயில் பால் கலந்த மாதிரி வெளுத்திருக்கும். ஒருமுறை ஆயில் மாற்றினால் அது போகாது. பழையதை வடித்து, புது ஆயில் ஊற்றி, கொஞ்ச நேரம் ஓடவிட்டுத் திரும்ப வடிக்க வேண்டும். நிறம் தெளியும் வரை இரண்டு மூன்று முறை இப்படிச் செய்ய வேண்டி வரும், ஒவ்வொரு முறையும் நனைந்த காகித ஃபில்டரையும் மாற்ற வேண்டும். அந்தச் சுற்றுகளுக்கு மட்டும் பெயர் தெரிந்த வெளி பிராண்டின் விலை குறைந்த ஃபில்டரே போதும், நிமிடக் கணக்கில்தான் ஓடப்போகிறது. கடைசியாக ஊற்றித் தொடர்ந்து ஓட்டப்போகும் ஆயிலோடு கம்பெனி ஃபில்டரைப் போடுங்கள்.

அதற்கெல்லாம் முன்னால், தண்ணீர் வடிந்ததும் "ஸ்டார்ட் ஆகுதா பார்ப்போம்" என்று செல்ஃப் அடிக்கக் கூடாது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் பிஸ்டனால் அதை அழுத்த முடியாது, பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். எஃப்ஐ வண்டி என்றால் சாவியைக்கூடத் திருப்ப வேண்டாம். சாவியைத் திருப்பியதும் பம்ப் ஓடத் தொடங்கி, டேங்கின் அடியில் உள்ள தண்ணீரையும் சேற்றையும் நேராக நுண் ஃபில்டருக்குள் தள்ளிவிடும். பேட்டரி வயரைக் கழற்றி, டேங்கை முழுதாக வடித்து, பம்ப்பை வெளியே எடுத்து வலைப் பையைப் பார்த்தபிறகுதான் மற்ற வேலை.